மடியில் ஒரு பட்டறை: புதிதாக வாங்கிய பலகருவிக் கத்தியை எப்படிப் பார்ப்பது?

கிணற்றடிக்கும் வீட்டுக்கும் அரை மைல் தூரம் இருக்கும். தெளிப்பானின் பட்டையில் ஒரு திருகு கழன்றுவிடும். திருப்புளியோ வீட்டுப் பரணில் கிடக்கும். இருக்கிற அரிவாளின் முனையை வைத்துத் திருகைத் திருப்பப் பார்த்து, திருகின் தலையையும் கெடுத்து, விரலையும் கீறிக்கொள்ளாத விவசாயி அபூர்வம். இந்தச் சங்கடத்திற்குத் தீர்வாக மடிக்கக்கூடிய குறடு, கத்தி, திருப்புளி, ரம்பம், அரம், குத்தூசி எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் அடங்கிய பலகருவிக் கத்திகள் இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டன. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வருகிறான். பக்கத்து நகரத்து இரும்புக் கடையிலும் கிடைக்கிறது. (விமானத்தில் வருபவர்கள் இதைக் கைப்பையில் வைக்கக் கூடாது, சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். சரக்காக அனுப்பும் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.)

புதுக் கருவி கைக்கு வந்த முதல் வாரத்தில் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டாகிவிடுகிறது. அந்த அபிப்பிராயம் பெரும்பாலும் கருவிகளின் எண்ணிக்கையை வைத்தே உண்டாகிறது. பன்னிரண்டு கருவி உள்ளதைவிடப் பதினெட்டு கருவி உள்ளது மேல் என்று நினைக்கிறார்கள். இது சரியல்ல. வயலில் எது உதவும், எது உதவாது, எது ஆபத்து என்பதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும்.

எப்படி வந்தது?

சுவிட்சர்லாந்தில் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884-ம் ஆண்டு கத்திப் பட்டறை வைத்தார். 1891-ல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கத்தியில் வெட்டும் அலகு, குத்தூசி, தகர டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்றுவதற்கான திருப்புளி ஆகிய நான்கே இருந்தன. 1897-ல் இன்னும் சில கருவிகள் சேர்ந்து அதிகாரிகளுக்கான கத்தி வந்தது. சிவப்புப் பிடியுள்ள கத்தி என்று இன்று உலகம் முழுவதும் அறியப்படுவது அதன் வழி வந்ததே.

அதில் குறடு கிடையாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த டிம் லெதர்மேன் என்ற பொறியியலாளர் 1975-ல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவிலும் மத்திய கிழக்கு நாடுகளிலும் பயணம் செய்தபோது, காரையும் விடுதிகளின் ஒழுகும் குழாய்களையும் சரிசெய்யக் கையிலிருந்த கத்தி போதவில்லை. ஊர் திரும்பியதும் குறட்டையே நடுவில் வைத்து, அதன் கைப்பிடிகளுக்குள் மற்றவற்றை மடக்கினார். 1980-ல் காப்புரிமை கிடைத்தது. 1983-ல் விற்பனைக்கு வந்தது. ஆக, இப்போது கடையில் இரு வகை உண்டு. ஒன்று கத்தியை முதன்மையாகக் கொண்டது. மற்றொன்று குறட்டை முதன்மையாகக் கொண்டது. விவசாயிக்குக் குறடு உள்ளதே அதிகம் உதவுகிறது. வாங்குமுன் இந்த ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வாங்கிய அன்றே பார்க்க வேண்டியவை

முதலில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே திறந்து மூட வேண்டும். ஒன்றைத் திறக்கும்போது பக்கத்தில் உள்ள இரண்டும் சேர்ந்து வந்தால், கை ஈரமாகவும் சேறாகவும் இருக்கும்போது அது தொல்லைதான். நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டிய கருவிகளைக் களையெடுத்து நகம் தேய்ந்த கையால் திறந்து பார்க்க வேண்டும். கடையில் நின்று சுத்தமான கையால் திறப்பது ஒரு சோதனையே அல்ல.

குறட்டை மூடி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட வேண்டும். நுனியில் இடைவெளி தெரிந்தால் சிறிய ஆணியையோ மாட்டின் குளம்பில் ஏறிய முள்ளையோ அதனால் பிடிக்க முடியாது. பின்பு அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைக்க வேண்டும். மயிரிழை அசைவு குற்றமில்லை. கடகடவென்று ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

பூட்டு இருக்கிறதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். சில கத்திகளில் அலகு திறந்தவுடன் உள்ளேயிருக்கும் ஒரு தகடு நகர்ந்து அதன் அடியில் நின்றுகொள்ளும். அந்தத் தகட்டைத் தள்ளினால்தான் அலகு மடங்கும். வேறு சிலவற்றில் ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே உண்டு. ஸ்பிரிங் வகையில் கத்தியின் நுனியால் எதையாவது குத்தி அழுத்தினால் அலகு பின்னால் மடங்கி விரல்களின் மேல் விழும். உரச் சாக்கின் தையலைக் குத்திக் கிழிப்பது இப்படிப்பட்ட வேலைதான். ஸ்பிரிங் வகை வைத்திருப்பவர்கள் இழுத்து அறுக்கலாம், குத்தக் கூடாது. எருக்குழியிலும் தொழுவத்திலும் வேலை செய்யும் கையில் வெட்டுப்பட்டால், சிறிய காயமாக இருந்தாலும் சோப்பும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்று கேட்க வேண்டும். சாணத்திலும் மண்ணிலும் அந்த நோயின் கிருமி இருக்கிறது. காயத்தில் சாணத்தையோ காப்பித் தூளையோ வைத்துக் கட்டும் பழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

எடையையும் கவனிக்க வேண்டும். குறடு உள்ள முழு அளவுக் கருவி மடித்தால் சுமார் 10 செ.மீ. நீளமும், 150 முதல் 250 கிராம் வரை எடையும் இருக்கும். வேட்டி மடியில் இது நிற்காது. கிணற்றை எட்டிப் பார்க்கும்போது முதலில் உள்ளே போவது இதுதான். கருவியில் வளையம் இருந்தால் ஒரு முழம் நைலான் கயிற்றைக் கோத்து அரைஞாணிலோ இடுப்பு வாரிலோ கட்டிக்கொள்வது நல்லது. வளையம் இல்லாத கருவியானால் உறை அவசியம்.

ஒரு வாரம் வயலில்

முதல் வாரம் முடிந்ததும், எந்தெந்தக் கருவியை உண்மையில் திறந்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம். குறடு, வெட்டும் அலகு, தட்டைத் திருப்புளி, நட்சத்திரத் திருப்புளி ஆகிய நான்குதான் பெரும்பாலும் மிஞ்சும். இந்த நான்கும் உறுதியாக இருந்தால் மற்றவை இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

குறடு சிறிய வேலைக்கு மிகவும் நல்லது. காட்டர் பின்னை நிமிர்த்தி எடுக்கலாம். பந்தல் கம்பியை முறுக்கலாம். ஆனால் போல்ட்டு நட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்துவது தவறு. குறட்டின் வாய் இணையாக நில்லாமல் சாய்வாகத் திறப்பதால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். அதன்பிறகு சரியான ஸ்பேனர் வந்தாலும் பிடிக்காது. மோட்டார் அறையில் 13, 17 மி.மீ. ஸ்பேனர்கள் இரண்டைத் தொங்கவிட்டு வைப்பதற்குப் பலகருவிக் கத்தி மாற்றாகாது. கம்பி வெட்டும் பகுதியும் அப்படித்தான். கட்டுக் கம்பி, செம்புக் கம்பி, மெல்லிய இரும்புக் கம்பி வெட்டலாம். ஸ்பிரிங் கம்பியையும் கடினமான முள்வேலிக் கம்பியையும் அதில் வைத்து நெரித்தால் வெட்டுவாயில் பிறை போல ஒரு பள்ளம் விழும். பிறகு நூலைக்கூட வெட்டாது.

ரம்பம் உள்ள கருவிகளில் அதன் நீளம் 6, 7 செ.மீ.தான். 3 செ.மீ.க்கு மேற்பட்ட பருமனுள்ள கிளையில் அதை ஓட்டினால் இழுப்பதற்கு இடமில்லாமல் பல் சிக்கி அலகு வளையும்.

சொட்டு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கவாட்டுக் குழாயைக் குறுக்கே வெட்ட இந்தக் கத்தி மிகவும் ஏற்றது. வெட்டு நேராக விழுகிறது. ஆனால் சொட்டுவான் செருகுவதற்குக் குழாயில் துளை போட குத்தூசியைப் பயன்படுத்தக் கூடாது. குத்தூசி கூம்பு வடிவில் இருப்பதால் அழுத்தத்திற்கு ஏற்பத் துளை பெரிதாகும், ஓரம் கிழியும். சொட்டுவான் இறுக்கமாக உட்காராமல் அடியில் தண்ணீர் கசியும். பத்து இடத்தில் கசிந்தால் கடைசி வரிசைக்கு அழுத்தம் குறைந்துவிடும். அதற்கென்று விற்கும் துளைப்பான் விலை மிகக் குறைவு. அதையே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே குத்தூசி தெளிப்பானுக்கும் எதிரி. தெளிப்பு முனை அடைத்துக்கொண்டால் கையில் இருக்கும் கூர்மையான கருவியால் குத்தத் தோன்றுவது இயல்பு. ஒரு முறை குத்தினாலே துளையின் வடிவம் கெடும். மருந்து ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விழும். முனையைக் கழற்றித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். வாயால் ஊதுவது உயிருக்கே கேடு. ஏற்கெனவே குத்திவிட்ட முனையானால், ஒரு நிமிடத்தில் அதிலிருந்து வரும் தண்ணீரை அளந்து, அதே வகைப் புது முனையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் வந்தால் முனையை மாற்ற வேண்டும்.

ஒட்டுக் கட்டுபவர்கள் பலரும் புதுக் கத்தியின் பளபளப்பைப் பார்த்து அதிலேயே ஒட்டுச் சீவ முயல்கிறார்கள். ஒட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகவும் தீட்டப்பட்டிருக்கும். அதனால்தான் 3, 4 செ.மீ. நீளத்திற்குச் சீவினாலும் சீவிய முகம் சமமாக இருக்கிறது. பலகருவிக் கத்தியின் அலகு இரு பக்கமும் சாய்வானது. சீவும்போது அது மரத்திற்குள் சறுக்கி, முகம் குழிந்துவிடும். குழிந்த முகத்தில் வேர்ச் செடியும் ஒட்டுக் குச்சியும் நன்றாகப் பொருந்தாமல் இடையில் காற்று நிற்கும்; ஒட்டு காயும். தாத்தா காலத்து ஒட்டுக் கத்தி துருவேறிக் கிடந்தாலும், தீட்டி எடுத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல்.

மின்சாரத்தின் அருகே வேண்டாம்

மேலே சொன்ன தவறுகளில் போவது காசு. இதில் போவது உயிர். பலகருவிக் கத்தியின் கைப்பிடி முழுவதும் உலோகம். மின்வேலைக்காகச் செய்யப்படும் கட்டிங் பிளேயரின் பிடியில் உள்ள காப்புறை இதில் இல்லை. சிவப்புப் பிளாஸ்டிக் பிடி உள்ள கத்தியும் அப்படித்தான். அந்தப் பிளாஸ்டிக் அழகுக்காக ஒட்டியது, உள்ளே இருக்கும் இரும்பு பல இடங்களில் வெளியே தெரிகிறது.

பம்புசெட்டுக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரத்தில் இரு கம்பிகளுக்கு இடையே சுமார் 400 வோல்ட் இருக்கிறது. ஈர மண்ணில் வெறுங்காலுடன் நின்று இந்தக் கருவியால் ஃபியூஸ் கட்டையைத் தொடுவதற்கும், மின்கம்பியைக் கையாலேயே பிடிப்பதற்கும் வேறுபாடு கிடையாது. ஸ்டார்ட்டரின் பட்டனை அழுத்தி மோட்டாரை நிறுத்திவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். மோட்டார் பக்கம்தான் நின்றிருக்கும். ஸ்டார்ட்டருக்குள் வரும் முனைகளில் மின்சாரம் அப்படியே இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு, டெஸ்டரால் சோதித்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அப்போதும் அந்த வேலையை வயர்மேனிடம் விடுவதுதான் சரி. புதுக் கருவி கையில் இருக்கிற உற்சாகத்தில் முதலில் திறக்கப்படுவது ஸ்டார்ட்டர் பெட்டியாகத்தான் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயைச் சுமக்கும் கத்தி

சட்டைப் பையில் எப்போதும் கத்தி இருப்பதால் ஒரு புதுப் பழக்கம் வருகிறது. வாடிய வாழையைக் கண்டால் தண்டைக் கீறிப் பார்ப்பது. சந்தேகப்பட்ட கரும்பைப் பிளந்து உள்ளே சிவந்து வெள்ளைத் திட்டு இருக்கிறதா, புளித்த வாசனை வருகிறதா என்று பார்ப்பது. பார்ப்பது நல்ல பழக்கமே. ஆனால் நோயுள்ள செடியைக் கீறிய கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு, அடுத்த வரிசையில் நல்ல செடியையும் கீறிப் பார்க்கிறார்கள். சோதிப்பவரே நோயைக் கொண்டுபோகிறார்.

கரும்பின் மறுதாம்புக் குட்டை நோய் வெட்டுக் கத்தியில் ஒட்டிய சாறு வழியாகவே பெரிதும் பரவுகிறது. வெளியில் தெளிவான அடையாளம் காட்டாமல் மறுதாம்பில் விளைச்சலைக் குறைக்கும் நோய் அது. தக்காளியிலும் புகையிலையிலும் வரும் தேமல் நோயின் நச்சுயிரி கையிலும் கருவியிலும் ஒட்டிப் பரவும். எலுமிச்சை வகைகளில் பட்டை உரியும் எக்சோகார்ட்டிஸ் நோயும் கத்தி வழியே போகக்கூடியது. கத்தியைத் தீயில் காட்டி எடுப்பதால் அது அழிவதில்லை. வாழையின் பனாமா வாடல் நோய், கருவியில் ஒட்டிய மண்ணோடும் செடித் துணுக்கோடும் அடுத்த தோட்டத்திற்குச் செல்லும். வாழையின் முடிக்கொத்து நோய் மட்டும் வேறு. அது அசுவினி மூலமும் நோயுள்ள கன்று மூலமுமே பரவுகிறது. கத்தியைக் குறைசொல்ல வேண்டியதில்லை.

சாதாரணக் கத்தியைவிடப் பலகருவிக் கத்தி இதில் மோசம். ஏனென்றால் சாறு அலகில் மட்டும் நிற்பதில்லை. கீல்களுக்கு இடையே போய்த் தங்குகிறது. அங்கே துணி போகாது. எனவே முழுவதையும் திறந்து, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு, வீடுகளில் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து அதில் அலகை முக்கி எடுக்க வேண்டும். அழுக்கோடு முக்கினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே போய்விடும். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரைசலே எஃகை அரிக்கும். நோய் பார்ப்பதற்கென்று ஒரு பழைய சவர பிளேடை வைத்துக்கொண்டு, பார்த்ததும் குழியில் போட்டுப் புதைத்துவிடுவது இதைவிடச் சுலபம்.

பூச்சிமருந்துப் பொட்டலத்தை இந்தக் கத்தியால் வெட்டவே கூடாது. பத்து மணிக்கு மருந்துப் பொட்டலத்தை வெட்டிய அலகால் பன்னிரண்டு மணிக்கு மாங்காய் நறுக்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். தெரிந்து யாரும் இப்படிச் செய்வதில்லை, மறந்துபோய்த்தான் செய்கிறார்கள். மருந்துக்கென்று மலிவான கத்தரிக்கோல் ஒன்றைத் தெளிப்பானிலேயே கயிற்றால் கட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை.

துருவும் சாணையும்

துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருப்பதால் துரு வராது என்று நம்பிவிடக் கூடாது. இந்த எஃகில் சுமார் 13 சதம் குரோமியம் இருக்கும். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கிறது. குளோரைடு உப்பு அந்தப் படலத்தை ஊசி முனை அளவு துளைத்து உள்ளே அரிக்கும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடுதான். உரம் போட்ட கையால் கருவியை எடுத்து மடித்துவைத்தால் சில நாளில் கீல்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். கடலோர மாவட்டங்களில் காற்றே இதைச் செய்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, எல்லாவற்றையும் திறந்தபடியே நிழலில் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கீலிலும் ஒரு சொட்டு விட்டால் போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் விடுபவர்கள் உண்டு. அவை நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

தீட்டுவதற்குத் தெருவில் வரும் சாணைச் சக்கரம் ஏற்றதல்ல. மெல்லிய அலகு சக்கரத்தில் சூடேறி நீல நிறம் கண்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். வீட்டிலேயே நனைத்த சாணைக்கல்லில், கல்லுக்கும் அலகுக்கும் சுமார் 20 பாகை இருக்கும்படி தீட்டலாம். ஒன்றரை செ.மீ. அகலமுள்ள அலகானால், அதன் முதுகு கல்லிலிருந்து அரை செ.மீ. உயர்ந்திருந்தால் கணக்கு சரியாக வரும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் தீட்ட வேண்டும். பல் வைத்த அலகு நைலான் கயிறு அறுக்க மிகவும் நல்லது. ஆனால் தட்டைக் கல்லில் அதைத் தீட்ட முடியாது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அலகை அசைத்துப் பார்க்க வேண்டும். கீல்களில் திருகு வைத்த கருவியானால் தளர்ச்சியை இறுக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஆறு முனை நட்சத்திரத் திருப்புளி வேண்டியிருக்கும், அதைக் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது. ரிவிட் அடித்த கருவியானால் திருகி இறுக்க வழியில்லை. சிலர் சுத்தியால் ரிவிட்டின் தலையில் தட்டி இறுக்குகிறார்கள். ஒரு தட்டு அதிகமாகிவிட்டால் அலகு அதன்பிறகு திறப்பதே இல்லை.